நூத்துக்கு ரெண்டு

பையை மடியில வச்சுக்கங்க தம்பி, நான் உட்கார்ந்துக்கறேன். இந்த ஃபைல் மட்டும் கசங்கக் கூடாது. மதுரை வரைக்குமா? நல்லதாப் போச்சு. நானும் மதுரைதான். அப்பீல் போடப் போறேன்.

என்ன கேஸ்னு கேட்கறீங்க. எல்லாரும்தான் கேட்கறாங்க. சொல்றதுல எனக்கு வெட்கமில்ல, நியாயம் என் பக்கம் இருக்கு. ஆனா மெதுவாச் சொல்றேன், முன் சீட்ல பெண்கள் இருக்காங்க. ஆணுறை கம்பெனி மேல கேஸ். ஆமா, சரியாத்தான் காதுல விழுந்திருக்கு. இனிமே அதை நான் ‘சாதனம்’னு சொல்றேன், புரிஞ்சுக்கங்க. நுகர்வோர் கோர்ட்ல கொடுத்த மனுவிலயும் அப்படித்தான் எழுதினேன். பதினொரு பக்கம், ஒரு இடத்துல கூட அந்த வார்த்தை கிடையாது. அங்க இருந்த கிளார்க் ரெண்டு தடவை திருப்பிக் கொடுத்தாரு. சாதனம்னா மிக்ஸியா குக்கரான்னு கேட்டு.

என் பேரு குமரகுருபரன். பழனிக்குப் பக்கத்துல ஒரு மேல்நிலைப் பள்ளியில விலங்கியல் ஆசிரியர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். தவளையை நடத்த ஆரம்பிச்சேன்னா ஒரு வாரம் நடத்துவேன், பையன் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் இதயத்துக்கு எத்தனை அறைன்னு சொல்லுவான். பன்னிரண்டாம் வகுப்புல இனப்பெருக்க நலன்னு ஒரு பாடம் இருக்கு பாருங்க, அதுக்கு நான் ஒரு முறை வச்சிருக்கேன். “இது எளிமையான பாடம், வீட்ல நீங்களே படிச்சுக்கங்க”ன்னு சொல்லிட்டு நேரா மரபியலுக்குப் போயிடுவேன். இருபத்தாறு வருஷத்துல ஒரு பெற்றோர் வந்து ஏன்னு கேட்டதில்ல. ஊர்ல அந்த மரியாதை இருக்கு. இருந்துச்சு. இப்பவும் இருக்கு, அது வேற மாதிரி. அதைப் பின்னால சொல்றேன்.

என் சம்சாரம் மங்கையர்க்கரசி. தபால் ஆபீஸ்ல கவுன்டர்ல வேலை. கெட்டிக்காரி. ஒரே பொண்ணு எங்களுக்கு, திலகவதி, மதுரையில நர்சிங் மூணாம் வருஷம். அந்தப் பொண்ணு பிறந்தப்ப மங்கைக்கு ரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு வந்து, மூணு நாள் கண்ணே முழிக்கல. டாக்டரம்மா சொல்லிட்டாங்க, இன்னொரு பிள்ளைங்கற பேச்சே கூடாது, உயிருக்கு ஆபத்துன்னு. காப்பர்-டி வச்சுப் பார்த்தாங்க. இவ உடம்புக்கு ஒத்துக்கல, ரத்தப்போக்கு நிக்கவே இல்ல, எடுத்துட்டாங்க. இவளுக்குக் கருத்தடை ஆபரேஷன் பண்ணலாம்னா, மயக்க மருந்து கொடுக்கவே யோசிக்கணும்னாங்க. அப்புறம் டாக்டரம்மா என் பக்கம் திரும்பினாங்க.

“நீங்க பண்ணிக்கங்க சார். பத்து நிமிஷ வேலை. ரெண்டு நாள் லீவு போட்டாப் போதும்.”

“டாக்டர், நான் நாள் பூரா நின்னு பாடம் நடத்தறவன்”னு சொன்னேன்.

அவங்க பேனாவை மூடி வச்சாங்க. அப்புறம் பெல்லை அழுத்தி அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க. என் நிலைமை அவங்களுக்குப் புரிஞ்சிருச்சு.

அன்னையிலிருந்து முழுப் பொறுப்பையும் நான் ஏத்துக்கிட்டேன் தம்பி. எத்தனை ஆம்பளை இந்தக் காலத்துல ஏத்துக்கறான், சொல்லுங்க. உள்ளூர்ல வாங்க முடியாது. எங்க ஊர் மருந்துக் கடையில இருக்கறவன் என்கிட்டப் படிச்சவன். அதனால பஸ் ஏறி உடுமலைப்பேட்டை போவேன். முழு ஆண்டுத் தேர்வு முடிஞ்சதும், வருஷத்துக்கு ஒரு தடவை, தலையில துண்டைக் கட்டிக்கிட்டு. அந்தக் கடைக்காரரும் கண்ணியமானவர். நான் விரலை நீட்டிக் காட்டுவேன், அவர் பேப்பர்ல சுத்தி, கருப்புக் கவர்ல போட்டு, அதை இன்னொரு கவர்ல போட்டுக் கொடுப்பார். பதினெட்டு வருஷமா வாங்கறேன், அவர் முகம் எனக்குத் தெரியாது. கையைத்தான் தெரியும்.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் ஒரு காகிதம் மடிச்சு வச்சிருப்பாங்க. படமெல்லாம் போட்டிருக்கும். அதை மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டு போறதில்ல. வயசுப் பொண்ணு இருக்கற வீடு. உடுமலை பஸ் ஸ்டாண்டுலயே பொடிப்பொடியாக் கிழிச்சு, மூணு குப்பைத் தொட்டியில பிரிச்சுப் போட்டுட்டுத்தான் பஸ் ஏறுவேன். யாராவது பொறுக்கி ஒட்டவச்சுப் பார்த்தாக் கூட முழுசாக் கிடைக்கக் கூடாது.

வீட்ல மாடியில ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு அறை. அங்க பழைய வினாத்தாள் கட்டுகள் கிடக்கு. அதுல ஒரு காலாண்டுத் தேர்வுக் கட்டைப் பிரிச்சு, நடுவுல வச்சுக் கட்டிடுவேன். பழைய வினாத்தாளை எவனும் தொடமாட்டான். பதினெட்டு வருஷம் அந்தக் கட்டை என்னைத் தவிர யாரும் அவுத்ததில்ல. அப்படி ஒரு பாதுகாப்பு. பாதுகாப்புப் பத்தி அந்தக் கம்பெனிக்காரன் எனக்குச் சொல்றான்.

நடுவுல ஒரு வருஷம், அடிக்கடி உடுமலை போறதே ஒரு கெட்ட பழக்கம் மாதிரித் தெரியுதேன்னு, நாலு வருஷத்துக்கு வேண்டியதைச் சேர்த்து வாங்கிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மங்கை ஒரு டிபார்ட்மென்ட் பரீட்சை எழுதினா. பாஸ் பண்ணினா போஸ்ட் மாஸ்டர் ஆகலாம். அவளுக்கு நாற்பத்திரண்டு வயசு. காலையில நாலு மணிக்கு எழுந்து படிப்பா. பாஸும் பண்ணிட்டா. ஆடி மாசம் ட்ரெயினிங், அதுக்கப்புறம் போஸ்டிங். இந்த நேரத்துல ஏதாவது ஆயிடக் கூடாதுன்னு நான் எச்சரிக்கையை இரட்டிப்பாக்கினேன். இரட்டிப்புன்னா நிஜமாவே இரட்டிப்பு. ஒண்ணுக்கு மேல ஒண்ணு, ரெண்டு. சாதனத்தோட உத்தரவாதம் தொண்ணூத்தெட்டு சதவீதம்னு எங்கயோ படிச்சிருக்கேன். அப்ப ரெண்டுக்கு எவ்வளவு? நூத்துத் தொண்ணூத்தாறு. நூத்துக்கு மேலயே போயிடுச்சு. இறுக்கமா இருக்கக் கூடாதுன்னு கொஞ்சம் தேங்காய் எண்ணெய். கடை எண்ணெய் இல்ல, செக்குல ஆட்டின சுத்தமான எண்ணெய். இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கல. மனைவி மேல இருக்கற அக்கறையில நானாக் கண்டுபிடிச்சது.

அப்படியும் சித்திரை மாசம் ஒரு நாள் ரெண்டும் சேர்ந்து கிழிஞ்சு போச்சு.

மங்கைதான் பார்த்தா. மறுநாள் காலையில காபி ஆத்திக்கிட்டே சொன்னா. “இதுக்கு ஒரு மாத்திரை இருக்குங்க. மூணு நாளைக்குள்ள போடணும். எவ்வளவு சீக்கிரம் போடறமோ அவ்வளவு நல்லது. மருந்துக் கடையிலயே கொடுப்பாங்க. என் உடம்புக்கு அதைப் போடலாமான்னு திலகாகிட்ட போன்ல கேட்டுட்டேன், போடலாம்னா. ஆபீஸ் போற வழியில நானே வாங்கிக்கறேன்.”

எந்தக் கடையிலன்னு கேட்டேன். நம்ம ஊர்க் கடையிலதான்னா. “அவன் என் மாணவன். உன்னைப் பார்த்துட்டு அவன் என்னைப் பத்தி என்ன நினைப்பான்?”

“எனக்குத் தலைவலி மாத்திரையும் அவன்தானே கொடுக்கறான்.”

“தலைவலி வேற, இது வேற. நான் உடுமலை போய் வாங்கிட்டு வர்றேன். நீ பேசாம இரு.”

அவ என்னையே பார்த்தா. “இன்னைக்கே போவீங்களா?”

போறேன்னேன். அன்னைக்கு வியாழக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வர்றதுக்குள்ள இருட்டிருச்சு. வெள்ளிக்கிழமை பத்தாம் வகுப்புக்கு சிறப்பு வகுப்பு, சனிக்கிழமை தலைமையாசிரியர் கூட்டம் போட்டுட்டாரு. ஞாயித்துக்கிழமை போனேன், அந்தக் கடை அடைச்சிருந்துச்சு. வேற கடையில நுழையலாம்தான். ஆனா பழக்கமில்லாத கடை பாருங்க. திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுட்டுப் போய் வாங்கிட்டு வந்துட்டேன். கொடுத்தேன். மங்கை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, “நாள் தாண்டிருச்சு”ன்னா. கம்பெனிக்காரன் உஷாரா ஒரு கெடு வச்சிருக்கான் பாருங்க, அதுலயும்.

ஒரு மாசம் கழிச்சு ஒரு சாயங்காலம். நான் விடைத்தாள் திருத்திக்கிட்டு இருந்தேன். மங்கை ஆபீஸ்லயிருந்து வந்தவ செருப்பைக் கூடக் கழட்டாம, லேப் சீட்டை விடைத்தாள் மேல வச்சா. பார்த்தேன்.

“கம்பெனிக்காரன் மோசம் பண்ணிட்டான்”னேன்.

அவ செருப்பைக் கழட்டி வாசல்ல விட்டா. அப்புறம் உள்ள போய்த் தண்ணி மோட்டாரைப் போட்டா. அவ்வளவுதான். வேற ஒருத்தியா இருந்தா ஊரைக் கூட்டியிருப்பா. மங்கைக்கு என் மேல அவ்வளவு நம்பிக்கை.

டாக்டரம்மாகிட்ட ரெண்டு பேரும் போனோம். ரத்த அழுத்தம் நூத்தி அறுபதுக்கு மேல. போன தடவை வலிப்பு வந்ததை அவங்க மறக்கல. கையை நீட்டி மங்கை கையைப் பிடிச்சுக்கிட்டு அவகிட்டதான் பேசினாங்க, என்னைப் பார்க்கல. இதைத் தொடர்ந்தா என்னென்ன ஆகலாம், கலைச்சா என்னென்ன ஆகலாம், ரெண்டையும் சொன்னாங்க. கருத்தடை தவறிப்போனாக் கலைச்சுக்கச் சட்டமே இடம் கொடுக்குதுன்னாங்க. மங்கை ரெண்டு நாள் யோசிச்சா. ராத்திரி பகல்னு பொண்ணுகிட்ட போன்ல பேசினா. மூணாம் நாள் முடிவைச் சொன்னா.

நான் டாக்டரம்மாகிட்ட கேட்டேன், “என் கையெழுத்து எங்க போடணும்?”

“தேவையில்ல சார். அவங்க கையெழுத்து மட்டும் போதும்.”

இருபத்தாறு வருஷமா ஊர்ப் பிள்ளைகளோட மார்க் ஷீட்டுல கையெழுத்துப் போடறவன் நான். அங்க என் கையெழுத்துக்கு வேலை இல்லையாம். அதையும் மனுவில ஒரு பத்தியாச் சேர்த்திருக்கேன்.

ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்குத் திலகா மதுரையிலயிருந்து வந்துட்டா. அவதான் அம்மாவை உள்ள கூட்டிட்டுப் போனா. எனக்கு உள்ள போக முடியல. வரவேற்புல உட்கார்ந்திருந்தது பன்னிரண்டு பி-யில படிச்ச பொண்ணு. “வணக்கம் ஸார், யாருக்கு என்ன”ன்னு கேட்டா நான் என்ன சொல்றது? அதனால எதிர்ப் பக்கம் டீக்கடையில நின்னேன். காலையில எட்டு மணியிலயிருந்து மத்தியானம் ஒரு மணி வரைக்கும். அஞ்சு மணி நேரம் தம்பி, ஒரு நிமிஷம் உட்காரல. நாலு டீ. சும்மாவும் நிக்கல, டீக்கடை பெஞ்சு மேல காகிதத்தை வச்சு கோர்ட் மனுவில முதல் மூணு பக்கத்தை அங்கயே எழுதி முடிச்சுட்டேன்.

ஒரு மணிக்கு அவங்க வெளிய வந்தாங்க. மங்கை பொண்ணு தோள்ல கையைப் போட்டுக்கிட்டு மெதுவா நடந்து வந்தா. நான் ரோட்டைத் தாண்டி ஓடி, மூணு பக்கத்தையும் காட்டினேன். பார்த்தா ஆறுதலா இருக்குமேன்னு. “ஆட்டோ பிடிங்க”ன்னா. வெயில் வேற. திலகா என்கிட்டப் பேசவே இல்ல. அவளுக்கு அன்னைக்குப் பரீட்சையை விட்டுட்டு வந்த கோபம்.

பத்து நாள் வீட்ல இருந்தா. அப்புறம் ஆபீஸ் போனா. ஆடியில ட்ரெயினிங் போனா. வத்தலக்குண்டுப் பக்கம் ஒரு ஊர்ல போஸ்ட் மாஸ்டரா போஸ்டிங் ஆச்சு. அங்கயே சின்னதா ஒரு வீடு பார்த்துக்கிட்டா. நான் இங்க கேஸைப் பார்த்துக்கிட்டேன். குடும்பத்துல ஆளுக்கொரு வேலை.

நான் நஷ்ட ஈடு கேட்கல தம்பி. ஒரு பைசா கேட்கல. கம்பெனி ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுக்கணும், அவ்வளவுதான் என் பிரார்த்தனை. ‘உங்கள் குடும்பத்துக்கு நேர்ந்த துன்பத்துக்கு நாங்களே காரணம், வருந்துகிறோம்’னு நாலு வரி. வக்கீலும் வைக்கல. ஒரு வக்கீல்கிட்டப் போய் இதையெல்லாம் எப்படிச் சொல்றது? நானே வாதாடினேன். கோர்ட்ல முப்பது பேர் இருந்தாங்க. அது வேற விஷயம்.

கம்பெனி சார்பா ஒரு வக்கீல் எழுந்திருச்சா. கருப்புக் கோட்டு, சின்னப் பொண்ணு. என்னைப் பார்த்துக் கும்பிட்டா. “ஸார், என்னைத் தெரியுதா? அருள்செல்வி. பன்னிரண்டு ஏ. முதல் பெஞ்சு.”

தெரியாம என்ன? செய்முறைத் தேர்வுல முழு மதிப்பெண் வாங்கினவ. “நல்லா இரும்மா”ன்னேன். அப்புறம் கேள்வி கேட்க ஆரம்பிச்சா.

“பொருளை எங்க ஸார் வச்சிருந்தீங்க?”

“மாடி அறையில. பத்திரமா.”

“கூரை என்ன கூரை?”

“ஆஸ்பெஸ்டாஸ்.”

“சித்திரை மாசம் அந்த அறையில உட்கார முடியுமா ஸார்?”

“மனுஷன் உட்கார முடியாது. வினாத்தாள் கட்டு உட்காரும்.”

பின்னால யாரோ இருமினாங்க. அவ சிரிக்கல, அதைச் சொல்லணும். நான் சாட்சியமாக் கொடுத்திருந்த பிரிச்ச பாக்கெட்டைக் கையில எடுத்தா. “இதுல காலாவதித் தேதி போட்டிருக்கு. கொஞ்சம் படிக்கறீங்களா ஸார்?”

கண்ணாடியைப் போட்டுப் படிச்சேன். கிழிஞ்ச அன்னைக்கு அந்தத் தேதி முடிஞ்சு ஒரு வருஷம் ரெண்டு மாசம் ஆயிருந்துச்சு. “ரப்பர்தானேம்மா, பால் பாக்கெட்டா கெட்டுப்போறதுக்கு? என் ஸ்கூட்டர் டயர் ஒன்பது வருஷமா ஓடுது”ன்னேன். நியாயமான பதில்தானே? கேஸை விசாரிச்ச கோர்ட் தலைவர் எதையோ எழுதிக்கிட்டாரு.

“பாக்கெட்டு ஓரம் ரொம்ப நேரா இருக்கே ஸார்?”

“கத்தரிக்கோல்மா. எதையும் நான் கோணலாக் கிழிக்கறதில்ல.”

“கத்தரிக்கோல் உள்ள பட்டாலும் கிழியும் ஸார், கையாலதான் பிரிக்கணும். எத்தனை உபயோகிச்சீங்க?”

“ரெண்டு. ஒண்ணுக்கு மேல ஒண்ணு.” அந்த நூத்துத் தொண்ணூத்தாறு சதவீதக் கணக்கையும் விளக்கினேன். தலைவர் பக்கத்துல உட்கார்ந்திருந்த அம்மா முகத்துக்கு நேரா ஃபைலைப் பிடிச்சுக்கிட்டாங்க. அருள்செல்வி பொறுமையாத்தான் சொன்னா. ரெண்டு போட்டா ஒண்ணோட ஒண்ணு உரசிச் சீக்கிரம் கிழியுமாம். எப்பவும் ஒண்ணுதானாம். எண்ணெய் பட்டா ரப்பர் கொஞ்ச நேரத்துலயே இளகிப் போயிடுமாம். தண்ணி சேர்த்துச் செஞ்ச ஜெல்லுன்னு கடையில தனியா விக்குதாம், அது ரப்பரை ஒண்ணும் பண்ணாதுன்னா.

“அது செக்கு எண்ணெய்ம்மா.”

“செக்கு எண்ணெய்னாலும் எண்ணெய்தான் ஸார்.”

அப்புறம் அந்தக் காகிதத்தை எடுத்தா. பெட்டிக்குள்ள மடிச்சு வச்சிருப்பாங்கன்னு சொன்னேனே, அதை. “படிச்சீங்களா ஸார்?”

“ஒழுக்கம் கருதிப் படிக்கல.”

“அப்ப நான் படிக்கறேன்”னு சொல்லி, முப்பது பேர் முன்னால, கணீர்னு, தமிழ்ல, வரி வரியாப் படிச்சா தம்பி. வெயிலும் சூடும் படாத இடத்துல வைக்கணும். ஒவ்வொரு தடவைக்கும் புதுசு. ஆரம்பத்துலயே போட்டுக்கணும், பாதியில இல்ல. முனையில காத்தை அழுத்தி எடுத்துட்டு இடம் விடணும். முடிஞ்சதும் விளிம்பைப் பிடிச்சுக்கிட்டுத்தான் விலகணும். நான் மேல ஃபேனைப் பார்த்துக்கிட்டிருந்தேன், ஒரு வரி கூடக் காதுல வாங்கல. “போதும்மா, இது பொது இடம்”னேன்.

தலைவர் சொன்னாரு, “ஐயா, கேஸ் போட்டது நீங்கதான்.”

கடைசி வரி, கிழிஞ்சு போனா உடனே டாக்டரையோ மருந்துக் கடையையோ பாருங்கன்னு. அதைப் படிச்சுட்டு அருள்செல்வி காகிதத்தை மேஜை மேல வச்சா. “கிழிஞ்சது தெரிஞ்சும் மாத்திரை அஞ்சாம் நாள்தான் வந்திருக்கு. ஏன் ஸார்?” கேட்டா. உடுமலைக் கடை ஞாயித்துக்கிழமை அடைச்சிருந்ததைச் சொன்னேன். “உங்க ஊர்லயே கடை இருக்கே ஸார்.” இருக்குதான். அங்க இருக்கறவன் இவளோட வகுப்புல படிச்சவன். அதை எப்படி நான் அவகிட்ட விளக்குவேன்?

தலைவர் என்னை ஒரு கேள்வி கேட்டாரு. “நீங்க விலங்கியல் ஆசிரியர். இதெல்லாம் பாடத்துலயே இருக்கே, நடத்தறதில்லையா?”

“வீட்ல படிச்சுக்கச் சொல்லிடுவேன்.”

“படிச்சோம் ஸார்”னு அருள்செல்வி சொன்னா. “நாங்க நாலு பேரு லைப்ரரியில உட்கார்ந்து படிச்சோம். உங்ககிட்டக் கேட்கப் பயம்.”

தலைவரைப் பார்த்து நான் சொன்னேன், “பார்த்தீங்களா ஐயா, என் முறை பலன் கொடுத்திருக்கு. என் மாணவி எப்படிப் பேசறா பாருங்க.” எதிர்க்கட்சியா இருந்தாலும் பெருமைப்பட வேண்டியதுக்குப் பெருமைப்படணும்.

அங்கதான் தம்பி அவ ஒரு தப்புப் பண்ணினா. புள்ளிவிவரம் சொல்றேன்னு ஆரம்பிச்சா. ஒவ்வொரு தடவையும் சரியா உபயோகிச்சா, வருஷத்துக்கு நூறு தம்பதியில ரெண்டு பேருக்குத்தான் கர்ப்பம் தரிக்கும். ஜனங்க சாதாரணமா உபயோகிக்கற மாதிரி, தப்பும் தவறுமா உபயோகிச்சா, பதிமூணு பேருக்குன்னா. நான் டக்குனு எழுந்தேன். “அப்ப ரெண்டு பேருக்குக் கம்பெனி பொறுப்புன்னு ஒத்துக்கறீங்க. அந்த ரெண்டு பேர்ல நான் ஒருத்தன்.”

“நீங்க அந்தப் பதிமூணுலயே சேருவீங்களான்னு தெரியல ஸார்”னா.

கேஸ் தள்ளுபடி ஆயிடுச்சு. ஆனா அந்த ரெண்டை விடமாட்டேன். அப்பீல்ல என் முக்கியமான வாதமே அந்த ரெண்டுதான்.

இப்ப ஊர்ல என்ன மரியாதைன்னு சொல்றேன்னேன் இல்லையா? தீர்ப்பு வந்த மறுநாள் பேப்பர்ல சின்னதா ஒரு செய்தி. என் பேரும் பள்ளிக்கூடத்துப் பேரும் போட்டு. நான் தலைகுனிஞ்சுதான் வெளிய வந்தேன். ஆனா பாருங்க, ஜனங்க என் பக்கம். முதல்ல வந்தவர் எங்க பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியர். மைதானத்து ஓரமா என்னைத் தள்ளிட்டுப் போய், “ஸார், அந்தத் தீர்ப்புல ஒரு காப்பி கிடைக்குமா”ன்னாரு. கொடுத்தேன். அப்புறம் ஆட்டோ ஓட்டறவர் ஒருத்தர். அப்புறம் அரிசி மண்டிக்காரர், அவருக்கு நாலு பிள்ளைங்க, கண்ணு கலங்கினாரு. புதுசாக் கல்யாணமானவங்க வர்றாங்க. பேங்க்ல வேலை பார்க்கற ஒரு அம்மா புருஷனுக்குத் தெரியாம வந்து வாங்கிட்டுப் போனாங்க. ஜெராக்ஸ் கடைக்காரர், “எது ஸார், நாலாம் பக்கம் மட்டுமா, முழுசுமா”ன்னு கேட்கறாரு. நாலாம் பக்கத்துலதான் அந்தக் காகிதத்துல இருந்ததை அப்படியே வரி விடாம எடுத்து எழுதியிருக்காங்க. எனக்கு நடந்த அநியாயம் இருக்கறது ஏழாம் பக்கம். ஆனா எல்லாரும் நாலாம் பக்கத்தையே கேட்கறாங்க. அந்தப் பக்கத்தைப் படிச்சாத்தான் ஒரு ஆசிரியரைப் பொது இடத்துல எப்படி அவமானப்படுத்தினாங்கன்னு புரியும் போல. நூத்துச் சொச்சம் காப்பி போயிருக்கு.

அந்த மருந்துக் கடைப் பையன் கூட என்னைப் பார்த்து, “உங்க புண்ணியத்துல ஜனங்க நேரா வந்து கேட்டு வாங்கறாங்க ஸார், தேதியைப் பார்த்துத்தான் எடுக்கறாங்க”ன்னான். எனக்கு என்ன சம்பந்தம்னு தெரியல. மாணவன் இல்லையா, மரியாதைக்குச் சொல்றான்.

மங்கை நல்லா இருக்கா. சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறிப் போவேன், ஞாயித்துக்கிழமை திரும்பிடுவேன். கூடத்துல எனக்குப் பாய் விரிச்சுக் கொடுப்பா. ஆபீஸ் வேலை ஜாஸ்தி, அவ அறையிலயே தூங்கிடறா. மாத்திரையைத் தவறாம போடறா, ரத்த அழுத்தம் குறைஞ்சிருக்கு. அங்க போனதுலயிருந்து குறைஞ்சிருக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்களாம். வத்தலக்குண்டுத் தண்ணி நல்ல தண்ணி. மாறுதல் வர்ற மூணு வருஷம் முடிஞ்சாலும் அங்கயே இருக்க எழுதிக் கொடுத்திருக்கா. கடமை உணர்ச்சி. நான் அந்தப் பக்கம் மாறுதல் கேட்கட்டுமான்னு கேட்டேன். “வேண்டாங்க, இருக்கட்டும்”னுட்டா. என் சர்வீஸ் பாழாயிடக் கூடாதுன்னு அவளுக்கு ஒரு எண்ணம்.

போன ஞாயித்துக்கிழமை கிளம்பும்போது அப்பீல் மனுவைக் காட்டினேன். வாசல் படியில நின்னு முழுசையும் படிச்சா. பதினாறு பக்கம், இந்தத் தடவை. படிச்சுட்டு மடிச்சு என் கையில கொடுத்தா. நான் கேட்டேன், “ஜெயிச்சா மன்னிப்புக் கடிதம் வரும். எந்த விலாசத்துக்கு அனுப்பச் சொல்லட்டும்? நம்ம வீட்டுக்கா, இங்கயா?”

அவ சொன்னா, “பட்டது நான். எனக்குத்தான் வரணும். இங்கயே வரட்டும்.” நான் குறிச்சுக்கிட்டேன். அவ கதவைச் சாத்தப் போனவ நின்னு, “ஆனா அதை எழுத வேண்டியது கம்பெனி இல்லீங்க”ன்னா.

வேற யாருன்னு கேட்கறதுக்குள்ள கதவைச் சாத்திட்டா. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு.

வழியெல்லாம் யோசிச்சேன் தம்பி. வத்தலக்குண்டுலயிருந்து பழனி வரைக்கும் அதே யோசனைதான். டாக்டரம்மாவைச் சொல்றாளோ? இல்ல, அவங்க மேல இவளுக்கு உயிர். அருள்செல்வியைச் சொல்றாளோ? அந்தப் பொண்ணு அவ வேலையைப் பார்த்தா. வீட்டுக்கு வந்து, படுத்து, புரண்டு, காலையில பல் விளக்கும்போதுதான் தெளிவாச்சு. எனக்கே இது தோணாமப் போச்சேன்னு ஆயிடுச்சு. மங்கை எப்பவுமே என்னை விடக் கெட்டிக்காரி.

அந்த உடுமலைக் கடைக்காரர். நாலு வருஷத்துக்கு வேண்டியதைச் சேர்த்துக் கேட்டப்ப, தேதியைப் பாருங்கன்னு ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கணுமா இல்லையா? இதோ பாருங்க, இந்தப் பக்கம். முந்தாநாள் உட்கார்ந்து திருத்தி எழுதிட்டேன். இரண்டாம் எதிர்மனுதாரர்னு அவரையும் சேர்த்திருக்கேன். வேற யாரு இருக்கா, நீங்களே சொல்லுங்க.